முதல்ல அந்தத் தப்பான கிரகத்தைச் சொல்லிக் குடுங்க சார்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. வாத்தியார்களைத் திட்டி எழுதினது இல்ல, சொல்லிக் குடுக்கிற முறையைத் திட்டி எழுதினது. ரெண்டும் ஒண்ணுதான்னு நினைக்கிறவங்க இப்பவே ஜகா வாங்கிக்கலாம் :-)

போன மாசம் திண்டுக்கல்ல ஒரு பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சிக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூடத்துப் பேர் வேணாம். நாகல் நகர்ல எங்க தெருப் பையன் ஒருத்தன் ஒன்பதாவது படிக்கிறான், "அண்ணே கண்டிப்பா வாங்க"ன்னான். போனா, தெர்மாகோல்ல டிராப்பிஸ்ட்-1 செஞ்சு வச்சிருக்கான். ஒரு சிவப்பு நட்சத்திரம், சுத்தி ஏழு கிரகம். ஒண்ணுல நீலக் கடல், ஒண்ணுல பனி, ஒண்ணுல மேகம். அம்சமா இருந்துச்சு. பெயிண்டுக்கே ஐநூறு ரூபா ஆகியிருக்கும்.

"இதை எப்படிடா கண்டுபிடிச்சாங்க?"ன்னு கேட்டேன்.

"பெரிய டெலஸ்கோப்ல பாத்தாங்கண்ணே."

பக்கத்துல நின்ன அவங்க டீச்சர் அதை உறுதிப்படுத்தினாங்க. "நாசா போட்டோ எடுத்திருக்கு சார். நெட்ல இருக்கு."

அங்கதான் எனக்கு ஏறிடுச்சு. பையன் மேல இல்ல. அந்த டீச்சர் மேலயும் பெருசா இல்ல. அவங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தாங்க? நெட்ல இருக்கிறது போட்டோ இல்ல மக்கா, ஓவியம். ஒரு ஓவியர் கம்ப்யூட்டர்ல வரைஞ்ச படம். அந்தக் கடலை எவனும் பாத்தது கிடையாது, அந்த மேகத்தையும் பாத்தது கிடையாது. 2017ல ஏழு கிரகம்னு அறிவிச்சப்ப வானியலாளர்கள் கையில இருந்தது ஒரு வெளிச்சக் கணக்கு. 40 ஒளியாண்டு தள்ளி இருக்கிற ஒரு மங்கலான குட்டி நட்சத்திரத்தோட வெளிச்சம் குறிப்பிட்ட இடைவெளியில 1 சதவீதத்துக்கும் கீழ குறைஞ்சு, திரும்பவும் பழையபடி ஆச்சு. வரைபடத்துல பாத்தா சின்னச் சின்னப் பள்ளம், அவ்வளவுதான். அந்தப் பள்ளத்துல இருந்து ஏழு உலகத்தை எடுத்தான் பாருங்க, அதுதான் அறிவியல். அதை விட்டுட்டு பெயிண்ட் அடிச்சதைக் காட்டி "நாசா போட்டோ"ன்னா, மோதிரத்தை விட்டுட்டு டப்பாவை மட்டும் பத்திரமா வச்ச கதைதான்.

ஏன் போட்டோ எடுக்க முடியாதுன்னு ஒரு கணக்கு போட்டா போதும், எந்தப் பையனும் இந்த ஓவியத்துக்கு ஏமாற மாட்டான். ஒரு ஃபுட்பால் எடுங்க, 22 சென்டிமீட்டர் இருக்கும். அதான் சூரியன். பூமி அதுல 109ல ஒரு பங்கு. அதாவது ஒரு கடுகு. அந்தக் கடுகை ஃபுட்பால்ல இருந்து கிட்டத்தட்ட 24 மீட்டர் தள்ளி வைக்கணும். வியாழன் ஒரு நெல்லிக்காய். சரி, அடுத்த நட்சத்திரத்தை எங்க வைக்கிறது? நாகல் நகர் ரவுண்டானாவுல ஃபுட்பாலை வச்சா, அடுத்த ஃபுட்பால் 6,000 கிலோமீட்டருக்கு மேல, மாஸ்கோவைத் தாண்டிப் போகும். அதுவும் எரியிற ஃபுட்பால். மாஸ்கோவுல எரியிற பந்துக்குப் பக்கத்துல ஒரு கடுகு இருக்கான்னு நம்ம ரவுண்டானாவுல நின்னு பாத்துச் சொல்லணும். இப்ப சொல்லுங்க, "பெரிய டெலஸ்கோப்ல பாத்தாங்க"ன்னா நம்ப முடியுமா?

(நேரடியா படம் எடுத்ததும் உண்டு, இல்லைன்னு சொல்லல. 2008ல எச்.ஆர். 8799ங்கிற நட்சத்திரத்தைச் சுத்தி இருக்கிற கிரகங்களைப் படம் எடுத்தாங்க. எல்லாம் வியாழனைவிடப் பெருசு, இளசு, கொதிக்கிற கிரகங்க. படத்துல அதுவும் வெறும் புள்ளிதான். 6,000க்கு மேல உறுதியான புறக்கோள்கள்ல இப்படிப் பிடிச்சது கொஞ்சம்தான்.)

மிச்சமெல்லாம் மறைமுகம். அதுல பெரும்பாலானதைப் பிடிச்சது ரெண்டு வழியில. இந்த ரெண்டும் எட்டாவது பிள்ளைக்குப் புரியும்ங்கிறதுதான் என் ஆத்திரமே.

ஒண்ணு, கடப்பு. நட்சத்திரத்துக்கும் நமக்கும் நடுவுல கிரகம் வந்தா வெளிச்சம் கொஞ்சம் குறையும். நெல்லிக்காய் ஃபுட்பாலை மறைச்சா 1 சதவீதம். கடுகு மறைச்சா 0.0084 சதவீதம். 2009ல போன கெப்ளர் விண்கலம் 2018ல ஓய்வு பெறும்வரை இதைத்தான் பார்த்துச்சு. 2,600க்கு மேல கிரகம் அது ஒண்ணோட கணக்குல மட்டும். ஆனா 1999ல முதன்முதலா ஒரு புறக்கோளோட கடப்பைப் பிடிச்சவங்கள்ல ஒரு குழு வச்சிருந்த டெலஸ்கோப்போட வில்லை வெறும் 10 சென்டிமீட்டர்தான். நம்ம ஊர்ல காசு இருக்கிற பள்ளிக்கூடங்க ரிசப்ஷன்ல அலங்காரத்துக்கு நிறுத்தி வச்சிருக்கிற டெலஸ்கோப் அளவுதான் இருக்கும். அது எந்தப் பக்கம் கண்ணை வைக்கணும்னே தெரியாம தூசி படிஞ்சு நிக்கும், அது வேற விஷயம்.

ரெண்டாவது, ஆட்டம். அப்பா பிள்ளையோட ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டுத் தட்டாமாலை சுத்துறார்னு வைங்க. பிள்ளை மட்டுமா சுத்துது? அப்பாவும் சாய்ஞ்சுக்கிட்டே ஒரு குட்டி வட்டம் போடுவார். இருட்டுல பிள்ளை தெரியலைன்னாலும், அப்பா தலையில கட்டின டார்ச் ஆடுறதை வச்சே கையில ஒரு பிள்ளை தொங்குதுன்னு சொல்லிடலாம். எவ்வளவு கனம்னும் சொல்லலாம். வியாழன் இழுக்கிறதால சூரியன் ஆடுற வேகம் நொடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். டி.வி.எஸ். எக்ஸ்.எல். வேகம்! பூமி இழுக்கிறது நொடிக்கு 9 சென்டிமீட்டர், தவழுற குழந்தையைவிட மெதுவு. நட்சத்திர ஒளியை நிறமாலையா பிரிச்சா அதுல கறுப்புக் கோடுகள் இருக்கும். நட்சத்திரம் நம்மள நோக்கி வந்தா கோடு நீலப் பக்கம் நகரும், விலகிப் போனா சிவப்புப் பக்கம். பைபாஸ்ல பஸ் ஹாரன் அடிச்சுக்கிட்டு நம்மளத் தாண்டும்போது சத்தம் கீச்சுல இருந்து கனமா மாறுது பாருங்க, அதே டாப்ளர். 1995ல மேயரும் கெலோவும் 51 பெகாசியைச் சுத்துற கிரகத்தைப் பிடிச்சது இப்படித்தான். 2019ல நோபல்.

டாப்ளர் விளைவு நம்ம பத்தாவது புத்தகத்துலயே இருக்கு, சூத்திரத்தோட. ஈர்ப்பு இருக்கு. நிறப்பிரிகை இருக்கு. எல்லா மளிகைச் சாமானும் வீட்டுல இருக்கு, சமைக்கத்தான் யாரும் இல்ல. அட, அமெரிக்கா சுவிட்சர்லாந்துக்கெல்லாம் போக வேணாம். நம்ம ஊர்ல இருந்து நூறு கிலோமீட்டருக்குள்ள, கொடைக்கானல் வானாய்வகத்துல, 1909ல எவர்ஷெட்ங்கிறவர் சூரியக் கரும்புள்ளியில இருந்து வாயு வெளிநோக்கிப் பாயுறதைக் கண்டுபிடிச்சது இதே கோடு நகர்றதை வச்சுத்தான். எவர்ஷெட் விளைவுன்னு உலகம் முழுக்கப் படிக்கிறாங்க. நம்ம பிள்ளைகளை வருஷா வருஷம் பஸ் வச்சு கொடைக்கானல் கூட்டிட்டுப் போறோம். போட்டிங், சாக்லேட், யூகலிப்டஸ் தைலம். ம்.

சரி, தலைப்புக்கு வர்றேன்.

வேற நட்சத்திரத்துல கிரகம் இருக்குன்னு அறிவியல் முறைப்படி கணக்குக் காட்டி உலகத்துல முதல்ல சொன்னவங்கள்ல ஒருத்தர் எங்க இருந்து சொன்னார் தெரியுமா? மெட்ராஸ். நுங்கம்பாக்கம். இன்னைக்கு வானிலை ஆய்வு மையம் இருக்கிற அதே வளாகம். 1792ல இருந்து அங்க கிழக்கிந்தியக் கம்பெனியோட வானாய்வகம் இருந்துச்சு. தமிழ் உள்பட பல மொழியில எழுத்து வெட்டின கருங்கல் தூண் இன்னும் அங்க நிக்குது. அங்க இயக்குநரா இருந்த கேப்டன் டபிள்யூ. எஸ். ஜேக்கப் 1855ல ஒரு கட்டுரை எழுதினார். 51 பெகாசிக்கு 140 வருஷம் முன்னாடி!

அவர் எடுத்துக்கிட்டது 70 ஒபியூக்கிங்கிற இரட்டை நட்சத்திரம். 16 ஒளியாண்டுக்குக் கொஞ்சம் மேல. ரெண்டு நட்சத்திரமும் ஒண்ணையொண்ணு சுத்த 88 வருஷம். பல பேர் பல வருஷமா அதோட இடத்தை அளந்து வச்சிருந்தாங்க. அப்ப அளக்கிறதுன்னா, கண்ணருகு வில்லையில சிலந்தி நூல் கட்டியிருக்கும், அதைத் திருகி நகர்த்தி நட்சத்திரம் மேல வச்சுப் படிக்கணும். (நூலோட சமாச்சாரம், நாகல் நகர்க்காரனுக்கு யாரும் விளக்க வேணாம்.) கணக்குப் போட்ட பாதையும் அளந்த இடமும் ஒட்டவே இல்ல. திரும்பத் திரும்ப விலகுது. ஜேக்கப் சொன்னார், கண்ணுக்குத் தெரியாத ஒரு கிரகம் இழுக்குது, அதனாலதான் இப்படி.

தப்பு. அப்படி ஒரு கிரகம் அங்க இல்ல.

1890கள்ல அமெரிக்காவுல டி. ஜே. ஜே. சீங்கிறவர் "ஆமா, தெரியாத துணை ஒண்ணு இருக்கு, 36 வருஷத்துல சுத்துது"ன்னு மறுபடி கிளப்பினார். 1899ல மௌல்ட்டன் கணக்குப் போட்டு, அந்தப் பாதையில ஒண்ணு நிலையா சுத்தவே முடியாதுன்னு காட்டினார். சீ கோவத்துல பத்திரிகைக்கு எழுதின கடிதம் எவ்வளவு நாராசம்னா, இனிமே உன் எழுத்தே வேணாம்னு பத்திரிகை கதவைச் சாத்திடுச்சு. (அந்தக் காலத்துலயே பின்னூட்டக் கும்மி!) பிற்பாடு நல்ல கருவிகள் வந்து பாத்ததுல அந்தக் கிரகம் கரைஞ்சே போச்சு. அளவுப் பிழைகள்தான் கிரகம் மாதிரி வேஷம் கட்டியிருக்கு.

என் வாதம் இதுதான். பாடத்தை இங்க ஆரம்பிங்க. 51 பெகாசியில ஆரம்பிக்காதீங்க, டிராப்பிஸ்ட் ஓவியத்துல சத்தியமா ஆரம்பிக்காதீங்க. 70 ஒபியூக்கி அளவுகளைப் புள்ளி வச்சு கரும்பலகையில போட்டு, "நீங்க மெட்ராஸ்ல 1855ல இருக்கீங்க, என்ன சொல்வீங்க?"ன்னு கேளுங்க. பாதி வகுப்பு கிரகம்னு சொல்லும். சொல்லணும்! ஏன்னா அது முட்டாள்தனமான யோசனை இல்ல. அதுக்கு ஒன்பது வருஷம் முன்னாடிதான், 1846ல, இதே தர்க்கம் ஜெயிச்சிருக்கு. யுரேனஸ் கணக்குப்படி போகல, அப்ப வெளியே ஒண்ணு இழுக்குதுன்னு லெவெரியே கணக்குப் போட்டுச் சொல்ல, அந்த இடத்துக்குப் பக்கத்துலயே நெப்டியூன் கிடைச்சது. அதே லெவெரியே 1859ல புதன் கணக்குப்படி போகல, உள்ளே ஒரு கிரகம் இருக்குன்னார். வல்கன்னு பேரெல்லாம் வச்சாச்சு. தேடித் தேடி ஓய்ஞ்சாங்க. கிரகமே இல்ல, நியூட்டனோட ஈர்ப்புக் கணக்கே அங்க போதலைன்னு 1915ல ஐன்ஸ்டைன் வந்து சொல்ல வேண்டியிருந்துச்சு.

ஒரே தர்க்கம், மூணு முடிவு. ஒரு தடவை கிரகம் இருந்துச்சு. ஒரு தடவை அளந்தது தப்பு. ஒரு தடவை விதியே தப்பு. எந்தத் தடவை எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இந்தக் கேள்வியை ஒரு மணிநேரம் பேசின பிள்ளைக்கும், "புறக்கோள் என்றால் என்ன? 2 மதிப்பெண்" எழுதின பிள்ளைக்கும் நடுவுல இருக்கிற தூரம் நாகல் நகர்-மாஸ்கோ தூரம்.

இதை ஒரு வாத்தியார்கிட்ட சொன்னப்ப வந்த பதில்: "தப்பானதைச் சொல்லிக் குடுத்தா பசங்க குழம்பிடுவாங்க தம்பி. சரியானதைச் சொல்லவே நேரம் பத்தல."

குழம்பட்டும் சார். குழம்பாம இருக்கிறதுதான் பிரச்சினை. இப்ப நம்ம வாட்ஸப் குரூப்பைத் திறங்க. "இரண்டாவது பூமி கண்டுபிடிப்பு, தண்ணீர் இருக்கிறது, நாசா அதிர்ச்சி." அதே கையால அடுத்தது: "நம் முன்னோர்கள் அன்றே சொன்னார்கள்." ரெண்டையும் ஃபார்வர்டு பண்றது இஞ்சினியரிங் முடிச்ச மாமாதான். அவருக்கு அறிவியல் தெரியாமலா? ஈர்ப்பு விதி, டாப்ளர், எல்லாத்துலயும் தொண்ணூறு மார்க் எடுத்தவர். "எப்படித் தெரியும்?"னு கேட்கிறதுக்கு மட்டும் அவருக்கு யாரும் பயிற்சி குடுக்கல. புத்தகத்துல இருக்கிறது எல்லாம் சரி, அதனால படத்துல இருக்கிறதும் சரி. சரியானதை மட்டுமே பன்னெண்டு வருஷம் ஊட்டினதோட பலன் இது.

இன்னொரு கூட்டமும் இருக்கு, முன்கூட்டியே சொல்லிடுறேன். இந்தப் பதிவைப் பாத்துட்டு "உலகின் முதல் புறக்கோளைக் கண்டுபிடித்தது சென்னை! தமிழனாய்ப் பெருமை கொள்!"னு ஒருத்தர் கிளம்புவார். ஐயா, ஜேக்கப் தமிழர் இல்ல, அந்தக் கிரகமும் இல்ல. பெருமைப்படணும்னா வேற இருக்கு. 1977 மார்ச் 10 அன்னைக்கு ஜவ்வாது மலை காவலூர்ல பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் 1 மீட்டர் டெலஸ்கோப்ல ஒரு நட்சத்திரத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. யுரேனஸ் அது பக்கத்துல வர்ற நேரம். கிரகம் வர்றதுக்கு முன்னாடியே நட்சத்திரம் பொசுக்குன்னு மங்கிச்சு. முதல்ல அதை ஒரு புதுத் துணைக்கோள்னு எழுதினாங்க. மத்த இடங்கள்ல எடுத்த அளவுகளோட சேத்துப் பாத்தப்ப அது யுரேனஸோட வளையம்னு தெரிஞ்சது. கவனிச்சீங்களா? வெளிச்சம் குறையுறதை வச்சுக் கண்ணுக்குத் தெரியாததைப் பிடிக்கிறது, முதல் விளக்கம் மாறுறது, ரெண்டும் நம்ம மலையிலயே நடந்திருக்கு. எந்தப் பாடத்துல படிச்சீங்க? 2018ல அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம் மவுண்ட் அபுவுல பாரஸ்ங்கிற கருவியை வச்சு, 600 ஒளியாண்டு தள்ளி ஒரு நட்சத்திரம் ஆடுறதை அளந்து, அதைச் சுத்துற கிரகத்தோட எடையைச் சொன்னாங்க. அதுவும் ஒரு நாள் பெட்டிச் செய்தியோட சரி.

தப்பைச் சொல்றதுல என்ன அசிங்கம்னு எனக்கு நிஜமாவே புரியல. பொட்டி தட்டுற எங்க பொழப்புல, பக் வந்தா அது எங்க எப்படி வந்துச்சுன்னு விலாவாரியா எழுதி வைக்கிற வழக்கம் உண்டு. புதுசா சேர்ற பையன் அதைப் படிச்சுத்தான் வேலை கத்துக்கிறான். வானியல்லயும் அப்படி ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1991ல ஆண்ட்ரூ லைன் தலைமையில ஒரு குழு, பல்சார்னு சொல்ற துடிக்கிற நட்சத்திரம் ஒண்ணைச் சுத்தி ஆறு மாசத்துல ஒரு கிரகம் சுத்துதுன்னு நேச்சர் இதழ்லயே அறிவிச்சாங்க. ஆறு மாசம்! நம்ம பூமியோட வருஷத்துல சரிபாதி. உறுத்துதா? உறுத்தணும். பூமி சூரியனைச் சுத்துற பாதை முழு வட்டம் இல்லைங்கிற திருத்தத்தைச் சரியா சேக்காம விட்டதால வந்த மாயக் கிரகம் அது. 1992 ஜனவரியில அமெரிக்க வானியல் கழகக் கூட்டத்துல லைன் மேடையேறி, "நாங்க சொன்னது தப்பு, இதோ இங்கதான் தப்பு"ன்னு விளக்கினார். கூட்டம் எழுந்து நின்னு கை தட்டுச்சு. அதே கூட்டத்துல உல்ஸ்ஷான் இன்னொரு பல்சாரைச் சுத்துற கிரகங்களைப் பத்திப் பேசினார். அது நிஜம், இன்னைக்கும் நிக்குது. தப்பையும் சரியையும் ஒரே கூட்டத்துல வச்சு அலசியிருக்காங்க. நம்ம வகுப்புல ஒரு வாத்தியார் "நேத்து நான் சொன்னது தப்பு"ன்னு சொல்லி யாராவது கேட்டிருக்கீங்களா? கேட்டிருந்தா அவர் காலைத் தொட்டுக் கும்பிடுங்க.

செலவு ஆகும், கருவி இல்லைங்கிற சாக்கையும் பாத்துடலாம். 2019 டிசம்பர் 26. வளைய சூரிய கிரகணம் திண்டுக்கல் வழியாத்தான் போச்சு. காலையில 8 மணி வாக்குல ஆரம்பிச்சு, ஒன்பதரை சுமாருக்கு வளையம், 11 மணிக்கு மேல முடிஞ்சது. சூரிய வட்டத்துல 90 சதவீதத்துக்கும் மேல மறைஞ்சது. கெப்ளர் விண்கலம் தேடின அதே நிகழ்ச்சி, நம்ம வீட்டு மொட்டைமாடி மேல, ஓசியில! தமிழ்நாட்டுல பல ஊர்கள்ல அறிவியல் இயக்கத்துக்காரங்க கண்ணாடி வச்சு ஜனங்களுக்குக் காட்டினாங்க, அவங்களுக்கு ஒரு கும்பிடு. எங்க தெருவுல பாதி வீடு கதவைச் சாத்திக்கிச்சு. மீதிப் பேர் உலக்கையைத் தாம்பாளத்துல நிக்க வச்சு வேடிக்கை பாத்தாங்க. பள்ளிக்கூடம்? அரையாண்டு லீவு.

ஒரு செல்போன் போதும். அதுல வெளிச்சம் அளக்கிற சென்சார் இருக்கு, இலவச செயலி இருக்கு. வெயில்ல வெள்ளைத்தாள் விரிச்சு, அதுல இருந்து எதிரொளிக்கிற வெளிச்சத்தை நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுதினா ஒரு கடப்பு வரைபடம் கையில. இதுல ருசி எங்க தெரியுமா? அந்த வரைபடம் அழகா வராது. கோணலா வரும். ஏன்னா காலையில சூரியன் மேல ஏற ஏற வெளிச்சம் தானாவே கூடும், அதைக் கழிக்கணும். நடுவுல ஒரு மேகம் வந்தா அதுவும் ஒரு பள்ளம் போடும். எது நிலா, எது மேகம்? எப்படிப் பிரிப்ப? ஜேக்கப் மாட்டினது இங்கதான். கெப்ளர் குழு வருஷக்கணக்கா மண்டையை உடைச்சதும் இதுலதான். இதை ஒரு தடவை கையால செஞ்ச பிள்ளைகிட்ட போய் "நாசா போட்டோ"ன்னு சொல்லிப் பாருங்க, சிரிக்கும்.

கிரகணம் வரைக்கும் காத்திருக்கவும் வேணாம். இருட்டு அறை, ஒரு குண்டு பல்பு, நூல்ல கட்டின நெல்லிக்காய், மேஜையில அசையாம செல்போன். நெல்லிக்காய் பிள்ளைக்குத் தெரியக்கூடாது, நடுவுல ஒரு அட்டை மறைப்பு. எண்ணை மட்டும் பாத்து, உள்ளே என்ன சுத்துது, எவ்வளவு பெருசு, எத்தனை நொடிக்கு ஒரு தடவைன்னு சொல்லணும். ஒரு குழுவுக்கு மட்டும் நெல்லிக்காயே கட்டாதீங்க. ஃபேன் காத்துல பல்பை லேசா ஆட விட்டுடுங்க. அந்தக் குழுவும் "கிரகம் இருக்கு"ன்னு எழுதிக் குடுக்கும் பாருங்க, அப்ப ஆரம்பிக்கும் பாடம்.

அடுத்த வளைய கிரகணம் தென்தமிழ்நாட்டுக்கு 2031 மே 21. அதுவும் லீவு நாள்தான், வழக்கம்போல :-( அதுக்குள்ள ஏதாவது ஒரு பள்ளிக்கூடம் முன்வந்தா நல்லது. பதிவுலகத்துல வாத்தியார்கள் கொஞ்சப் பேர் இருக்கீங்கன்னு தெரியும். ஜூலை, ஆகஸ்ட் ராத்திரிகள்ல விருச்சிகத்துக்கு வடகிழக்கே, இருட்டு நல்லா இருந்தா வெறுங்கண்ணுக்கே தெரியும் அந்த 70 ஒபியூக்கி. சிறுமலைக்கு ஏறினா இன்னும் நல்லாத் தெரியும். அதோட பாதையையும் விலகலையும் கரும்பலகையில மாட்டுற மாதிரி பெருசா வரைஞ்சு வேணும்னா சொல்லுங்க. சனி ஞாயிறு ஆணி கம்மி, நான் வரைஞ்சு பிரிண்ட் எடுத்துத் தர்றேன்.